துண்டுப் பிரசுரம் என்றால் என்ன? அடியில் இருக்கும் அந்த ஒரு வரி ஏன் முக்கியம்?

காலையில் பேப்பரைப் பிரித்தால் உள்ளே இருந்து ஒரு மஞ்சள் தாள் நழுவி விழும். பட்டுப்புடவைக் கடை தள்ளுபடியாக இருக்கலாம், டியூஷன் சென்டர் விளம்பரமாக இருக்கலாம். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தால் யாரோ ஒருவர் கையில் இன்னொன்றைத் திணிப்பார். முக்கால்வாசி பேர் படிக்காமலே கசக்கிப் போட்டுவிடுவார்கள்.

ஆனால், இதே மாதிரி ஒரு தாளுக்காக இந்த நாட்டில் ஆட்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள். பச்சை அட்டை போட்ட ஒரு சின்னப் பிரசுரத்தின் பெயரால் காந்தி நடுத்தெருவில் அடி வாங்கியிருக்கிறார். இன்றைக்கும் தேர்தல் நேரத்தில், தாளின் அடியில் ஒரே ஒரு வரி இல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை என்கிறது சட்டம்.

அப்படி என்ன இருக்கிறது இந்தத் துண்டுத் தாளில்?

தாளுக்கு முன்னால் கல்: திருமுக்கூடல் சொல்லும் கதை

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் 11-ம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராஜேந்திர சோழனின் நீளமான கல்வெட்டு இருக்கிறது. 15 கிடக்கைகள் கொண்ட ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, அங்கே இயங்கியதை அது சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டு வருபவர், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என்று யாருக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்பது வரை அதில் கணக்கு உண்டு.

அந்தக் காலத்தில் ஒரு அறிவிப்பை ஊருக்குச் சொல்லும் வழி இதுதான். பொது இடத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, மேலே மன்னர் பெயரோடு. அதே மாவட்டத்தின் உத்திரமேரூரில் குடவோலைத் தேர்தல் விதிகளும் கோயில் சுவரில்தான் வெட்டப்பட்டன.

இதில் 2 விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கல் நகராது. படிக்க வேண்டியவர்தான் அதைத் தேடி வர வேண்டும். இரண்டு, கல்லில் வெட்ட அதிகாரமும் பணமும் வேண்டும். சாதாரண ஆள் தன் குறையைக் கோயில் சுவரில் வெட்டி வைக்க முடியாது.

துண்டுப் பிரசுரம் இந்த இரண்டையும் மாற்றியது. எழுத்து, படிப்பவரைத் தேடிப் போனது. அதிகாரம் இல்லாதவரும் ஊருக்குச் செய்தி சொல்ல முடிந்தது.

பிரசுரம், நோட்டீஸ், கையேடு: எல்லாம் ஒன்றா?

பேச்சு வழக்கில் எல்லாமே நோட்டீஸ்தான். ஆனால் வித்தியாசம் உண்டு.

ஒரே தாளில் அச்சிட்டுக் கையில் கொடுப்பது துண்டறிக்கை. ஊர் வழக்கில் பிட் நோட்டீஸ். சுவரில் ஒட்டினால் அது சுவரொட்டி. ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று வழி சொல்வது கையேடு. சில பக்கங்களை மடித்து, நடுவில் பின் அடித்து, ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசுவது பிரசுரம் அல்லது குறுநூல். ஆங்கிலத்தில் 'பாம்ப்லெட்' என்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வகையைத்தான். தமிழில் 'துண்டுப் பிரசுரம்' என்ற சொல் ஒற்றைத் தாளையும் குறிக்கும், குறுநூலையும் குறிக்கும்.

இதற்குக் கணக்கே போட்டு வைத்திருக்கிறது யுனெஸ்கோ. அதன் 1964-ம் ஆண்டுப் பரிந்துரைப்படி, அட்டையைச் சேர்க்காமல் குறைந்தது 5 பக்கம், அதிகபட்சம் 48 பக்கம் இருந்தால் பாம்ப்லெட். 49 பக்கம் ஆகிவிட்டால் புத்தகம். வாராவாரமோ மாதாமாதமோ வருவது இதில் சேராது.

பெயருக்குப் பின்னால் ஒரு காதல் கதையும் இருக்கிறது. 12-ம் நூற்றாண்டில் 'பாம்பிலஸ்' என்ற காதலனைப் பற்றிய லத்தீன் கவிதை ஒன்று ஐரோப்பாவில் கைக்குக் கை போனது. சின்ன நூல். அந்தக் காதலன் பெயரே திரிந்து, சின்ன நூல்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

தமிழின் முதல் அச்சு நூலே 16 பக்கம்தான்

1578-ம் ஆண்டு கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற கிறிஸ்தவ சமய நூல்தான் இந்தியாவில் இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூல். ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் என்ற பாதிரியார் போர்த்துகீசிய மொழியில் இருந்து தமிழாக்கம் செய்தது. மொத்தம் 16 பக்கம். யுனெஸ்கோ கணக்கைப் போட்டுப் பார்த்தால், தமிழ் அச்சு தொடங்கியதே ஒரு பிரசுரத்தில்தான்.

16 பக்கம் என்பது அச்சுத் தொழிலில் இன்றும் புழங்கும் அளவு. பெரிய தாளில் இரண்டு பக்கமும் அச்சடித்து மடித்தால் 16 பக்கம் கிடைக்கும். அதை ஒரு ஃபாரம் என்பார்கள். ஒரு ஃபாரம் அச்சிட ஆகும் செலவில் ஒரு குறுநூல் தயார். பிரசுரம் மலிவாக இருப்பதன் ரகசியம் இதுதான். தையல் வேண்டாம், கெட்டி அட்டை வேண்டாம். விலையும் குறைவு, சட்டைப் பைக்குள் மறைத்துக் கொண்டுபோவதும் சுலபம்.

1835-ல் மெட்கால்ஃப் கவர்னர் ஜெனரல் பொறுப்பில் இருந்தபோது அச்சுக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அதற்குப் பிறகு இந்தியர்கள் சொந்தமாக அச்சகம் வைப்பது பெருகியது. சண்டையும் அச்சேறத் தொடங்கியது.

மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு: அருட்பா சண்டை

1867-ல் ராமலிங்க அடிகளின் பாடல்கள் 'திருவருட்பா' என்ற பெயரில் வெளியாயின. தேவாரம், திருவாசகம் போன்றவற்றுக்கு உரிய பெயரை இதற்கு எப்படி வைக்கலாம் என்று யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலர் தரப்பு கேட்டது. 1869-ல் 'போலியருட்பா மறுப்பு' வந்தது. வள்ளலார் தரப்பு சும்மா இருக்குமா? பதில் பிரசுரம் வந்தது. அதற்கு ஒரு கண்டனம். கண்டனத்துக்கு ஒரு மறுப்பு. விவகாரம் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது.

இருவரும் மறைந்த பிறகும் சண்டை ஓயவில்லை. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா.கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கமும், மறைமலையடிகள், செய்குத்தம்பிப் பாவலர் ஆகியோர் மறுபக்கமுமாக அது தொடர்ந்தது. இந்தப் பிரசுரங்களைத் தேடித் தொகுத்து ஆய்வாளர் ப.சரவணன் 'அருட்பா - மருட்பா' கண்டனத் திரட்டாகவே கொண்டுவந்திருக்கிறார்.

இன்றைக்கு சமூக வலைதளத்தில் ஒரு பதிவுக்கு இன்னொருவர் பதில் பதிவு போடுகிறாரே, அதன் தாத்தா இதுதான்.

அதே காலத்தில் சென்னை குஜிலிக் கடைத் தெருவில் காலணா, அரையணா விலைக்குப் பாட்டுப் புத்தகங்கள் விற்றன. கொலை, வெள்ளம், ரயில் விபத்து, பின்னாளில் காந்தி, பகத் சிங் என்று ஊர் பேசும் செய்தி எல்லாம் பாட்டாக அச்சேறி முச்சந்தியில் பாடி விற்கப்பட்டது. வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி இதை 'முச்சந்தி இலக்கியம்' என்று பெயரிட்டு ஆராய்ந்திருக்கிறார். பேப்பர் வாங்க வசதியில்லாதவருக்கும், எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் செய்தி போய்ச் சேர்ந்த வழி அது.

பச்சைப் பிரசுரம்: 3 வரிச் சுருக்கம் செய்த வேலை

பிரசுரத்தின் பலமும் ஆபத்தும் ஒரே சம்பவத்தில் தெரிய வேண்டும் என்றால் 1896-க்குப் போக வேண்டும்.

அப்போது காந்தி தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞர். இந்தியா வந்திருந்த அவர், நேட்டாலில் இந்தியர்கள் படும் பாட்டை எழுதி ராஜ்கோட்டில் 10,000 பிரதிகள் அச்சிட்டார். அட்டை பச்சை நிறம். அதனால் பெயரே 'பச்சைப் பிரசுரம்' ஆனது. நாடு முழுக்கப் பத்திரிகைகளுக்கும் தலைவர்களுக்கும் தபாலில் அனுப்ப வேண்டும், ஆனால் உறை போட ஆள் இல்லை. அக்கம்பக்கத்துச் சிறுவர்களைக் கூப்பிட்டு வேலையை முடித்தார். கூலி, தான் சேர்த்து வைத்திருந்த பழைய தபால் தலைகள்!

அந்த ஆண்டு அக்டோபர் 26-ம் தேதி மெட்ராஸ் பச்சையப்பன் மண்டபத்தில் காந்தி பேசினார். கூட்டத்தில் பெரும் எழுச்சி. காரணம் பாலசுந்தரம். நேட்டாலில் ஒப்பந்தக் கூலியாக இருந்த இந்தத் தமிழர், எஜமானர் அடித்ததில் பல் உடைந்து, ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி காந்தியிடம் வந்து நின்றவர். அவருடைய கதைதான் கூட்டத்தை உலுக்கியது என்று காந்தியே தன் சுயசரிதையில் சொல்கிறார். கூட்டம் முடிந்ததும் பச்சைப் பிரசுரத்துக்கு அடிதடி. மெட்ராஸில் திருத்திய இரண்டாம் பதிப்பாக மேலும் 10,000 பிரதிகள் போட்டார்கள்.

இதற்குள் இன்னொன்று நடந்திருந்தது. பிரசுரத்தின் சுருக்கத்தை ராய்ட்டர் லண்டனுக்குத் தந்தி அடித்தது. லண்டனில் இருந்து நேட்டாலுக்குப் போனது அதைவிடச் சின்னச் சுருக்கம். அச்சில் 3 வரிகூடத் தாண்டாது. காந்தி எழுதியதை அது மிகைப்படுத்தியது. அதோடு, 2 கப்பல் நிறைய இந்தியர்களைக் குடியேற்றக் கூட்டி வருகிறார் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது.

1897 ஜனவரி 13-ம் தேதி டர்பன் துறைமுகத்தில் இறங்கிய காந்தியை ஒரு கும்பல் சூழ்ந்துகொண்டு கல், அழுகிய முட்டை வீசியது, உதைத்தது. போலீஸ் கண்காணிப்பாளரின் மனைவி தன் குடையோடு குறுக்கே நின்றதால் உயிர் தப்பினார். அன்று இரவு போலீஸ்காரர் வேஷத்தில்தான் அவர் வெளியேற முடிந்தது.

முழுப் பிரசுரத்தைப் படித்தவர்கள் மெட்ராஸில் அவருக்கு ஆதரவாக நின்றார்கள். சுருக்கத்தை மட்டும் கேள்விப்பட்டவர்கள் டர்பனில் அவரை அடித்தார்கள். ஃபார்வர்டு காலத்துக்கும் பொருந்துகிற பாடம் இது.

பெயர் இல்லாத தாள்கள்

1907-ல் பாரதியாரின் தேசபக்திப் பாடல்கள் சிலவற்றை வி.கிருஷ்ணசாமி ஐயர் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். ஆனால் எல்லோராலும் இப்படி வெளிப்படையாகச் செய்ய முடியவில்லை.

1911-ல் மணியாச்சியில் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட காலத்தில் 2 தமிழ்ப் பிரசுரங்கள் ரகசியமாக உலவின. ஒன்று, ஆரியர்களுக்கு அறிவுரை கூறுவது. இன்னொன்று, அபிநவ பாரத சங்கத்தில் சேருவதற்கான உறுதிமொழி. 1918-ல் வந்த ரௌலட் குழு அறிக்கை இவற்றைக் குறிப்பிடுகிறது. அச்சகத்தின் பெயராக அதில் போட்டிருந்தது, 'பரங்கியரை அழிக்கும் அச்சகம்' என்று பொருள்படும் ஒரு கற்பனைப் பெயர்!

ஏன் இந்தக் கற்பனைப் பெயர்? 1867-ல் வந்த அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டம், அச்சான எதிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்றது. உண்மைப் பெயரைப் போட்டால் போலீஸ் நேராக அச்சகத்துக்கு வரும். பெயரைப் போடாவிட்டால் அதுவே குற்றம்.

பெயரைப் போட்டவர்களுக்கு என்ன ஆனது? பகத் சிங்கின் 'நான் ஏன் நாத்திகன்?' கட்டுரையை ப.ஜீவானந்தம் தமிழாக்கம் செய்ய, பெரியாரின் அண்ணன் ஈ.வெ.கிருஷ்ணசாமி வெளியிட்டார். 1935-ல் இருவர் மீதும் ராஜதுரோக வழக்கு பாய்ந்தது. மொழிபெயர்த்தவரும் வெளியிட்டவரும் கைதானார்கள்.

நாடு விடுதலை ஆன பிறகும் இது நிற்கவில்லை. காஞ்சிபுரத்தில் பிறந்து, 1942 முதல் அங்கிருந்தே 'திராவிட நாடு' வார இதழை நடத்தியவர் அண்ணா. அவர் எழுதிய 'ஆரிய மாயை' என்ற சிறுநூலை அரசு தடை செய்தது. அதற்காக 1950-ல் அவர் சிறை சென்றார். 17 ஆண்டு கழித்து அவரே முதலமைச்சர்.

உலகம் முழுக்க இதே கதைதான். 1776 ஜனவரியில் அமெரிக்க விடுதலைக்குத் தீ மூட்டிய தாமஸ் பெயினின் 'காமன் சென்ஸ்' முதலில் வந்தபோது ஆசிரியர் பெயர் இல்லை. ஹிட்லரின் ஜெர்மனியில் 'வெள்ளை ரோஜா' குழு 1942, 43-ம் ஆண்டுகளில் 6 துண்டறிக்கைகளை ரகசியமாகப் பரப்பியது. 1943 பிப்ரவரி 18-ம் தேதி மியூனிக் பல்கலைக்கழகத்தில் தாள்களைப் போட்டபோது ஹான்ஸ் ஷோல், சோஃபி ஷோல் என்ற அண்ணன் - தங்கை பிடிபட்டார்கள். 4 நாளில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்த 6-வது அறிக்கையை பின்னர் நேச நாட்டு விமானங்கள் ஜெர்மனி மீது லட்சக்கணக்கில் தூவின.

விமானத்தில் இருந்து விழும் தாளைத் தமிழர்களும் பார்த்திருக்கிறார்கள். இலங்கைப் போரில் 2008 செப்டம்பரில், கிளிநொச்சிப் பகுதி மக்களை வெளியேறச் சொல்லி அரசுப் படை துண்டுப்பிரசுரங்களை வீசியது. பலம் இல்லாதவரின் கருவியை பலம் உள்ளவரும் எடுத்துக்கொள்வார் என்பதற்கு அது உதாரணம்.

தேர்தல் நோட்டீஸ்: சட்டம் என்ன சொல்கிறது?

1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவுதான் இதில் முக்கியம்.

- தேர்தல் துண்டறிக்கை, பிரசுரம், சுவரொட்டி எதுவானாலும் அதன் முகப்பில் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும்.
- வெளியிடுபவர் தன் அடையாளத்தை உறுதி செய்து கையெழுத்திட்டு அச்சகத்தில் கொடுக்க வேண்டும். அவரைத் தெரிந்த 2 பேர் அதில் சான்றொப்பம் போட வேண்டும்.
- அச்சிட்ட பிறகு, அந்த உறுதிமொழியோடு பிரதியை தலைமைத் தேர்தல் அதிகாரிக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ அச்சகத்தார் அனுப்ப வேண்டும்.
- மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பொதுக்கூட்டம் எந்தத் தேதி, எந்த இடம் என்று மட்டும் சொல்லும் நோட்டீஸுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. 1867 சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம் 2024 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. அது பருவ இதழ்களுக்கானது. தேர்தல் பிரசுரத்துக்கு 127-ஏ அப்படியே தொடர்கிறது.

இந்தப் பிரிவு ஏன் தேவைப்பட்டது என்பது கிராமத்துத் தேர்தலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு வீட்டு வாசலில் 'மொட்டை நோட்டீஸ்' கிடக்கும். வேட்பாளரின் குடும்பம், சாதி, ஒழுக்கம் என்று வாய்க்கு வந்தது எல்லாம் அதில் இருக்கும். கீழே யார் பெயரும் இருக்காது. பதில் சொல்ல மறுநாள் நேரமும் இருக்காது.

வைத்திருந்தாலே குற்றமா?

2019-ல் கேரளாவில் 2 மாணவர்கள், தடை செய்யப்பட்ட அமைப்பின் துண்டுப் பிரசுரங்கள், நூல்கள் வைத்திருந்ததாக உபா சட்டத்தில் கைது செய்யப்பட்டார்கள். 2021 அக்டோபர் 28-ம் தேதி உச்ச நீதிமன்றத்தில் இருவருக்கும் ஜாமீன் உறுதியானது. இத்தகைய வெளியீடுகளை வைத்திருந்ததை மட்டும் கொண்டு, அந்த அமைப்பின் செயலை வளர்க்கும் நோக்கம் இருந்ததாக முதல் பார்வையில் முடிவு செய்துவிட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அச்சடித்துக் கொடுக்காவிட்டால் கெடுதல் வரும்!

80-களில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு நோட்டீஸ் நினைவிருக்கும். 'ஒரு கோயிலில் பாம்பு வந்து பேசியது. இதை 1,000 பேருக்கு அச்சடித்துக் கொடுத்தவருக்கு லாட்டரி விழுந்தது. கிழித்துப் போட்டவருக்கு ரத்த வாந்தி.' இந்த ரகம். பயந்துபோய்க் கைக்காசைப் போட்டு அச்சடித்தவர்கள் ஏராளம். 'இதை 10 குரூப்புக்கு அனுப்பு' என்று போனில் வருவது இதன் பேரன்தான். அன்றைக்கு அச்சுக் கூலி ஒரு தடையாக இருந்தது. இன்றைக்கு அதுவும் இல்லை.

கையில் நோட்டீஸ் வந்தால் என்ன பார்ப்பது?

முதலில் தலைப்பைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். அச்சகம், வெளியிட்டவர், முகவரி இருக்கிறதா? தேர்தல் நேரம் என்றால் இல்லாத நோட்டீஸைப் பத்திரமாக வைத்துப் புகார் கொடுக்கலாம். வைத்தியம், வேலைவாய்ப்பு, கடன் என்றால் முகவரி இல்லாமல் செல்போன் எண் மட்டும் இருப்பதே முதல் எச்சரிக்கை. யாரோ சொன்ன சுருக்கத்தை நம்பாமல் முழுத் தாளையும் படியுங்கள்.

அதே சமயம், பெயர் இல்லாத எல்லாத் தாளும் பொய் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அவதூறு பேசுபவரும் பெயரை மறைப்பார். பெயரைச் சொன்னால் உயிர் போகும் என்ற நிலையில் உண்மை பேசுபவரும் மறைப்பார். மொட்டை நோட்டீஸும் 'வெள்ளை ரோஜா'வும் பார்வைக்கு ஒன்றுதான். யாருக்கு எதிராகப் பேசுகிறது, என்ன ஆதாரம் காட்டுகிறது என்பதை வைத்துத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கசக்கிப் போடும் தாளைச் சேர்த்து வைப்பவர்கள்

காரைக்குடி அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் பல ஆண்டுகள் உழைத்து புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், துண்டுப் பிரசுரம், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையும் சேர்த்து வைத்தார். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அந்தச் சேகரிப்பில் இருந்து 1994-ல் உருவானது. இலங்கைத் தமிழர்களின் வெளியீடுகளை 'நூலகம்' என்ற மின் நூலகம் பாதுகாக்கிறது. ஒரு காலத்தில் மக்கள் எதற்குக் கோபப்பட்டார்கள், எதற்குப் பயந்தார்கள் என்பதை இந்தத் தாள்கள் அன்றைய வார்த்தையிலேயே சொல்கின்றன.

மாட்டுப் பொங்கல் அன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காகப் பழையசீவரம் வந்து, பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் போவார். சுற்று வட்டாரப் பெருமாள்களும் சேர, 5 பெருமாள்கள் சந்திக்கும் நாள் அது. இது போன்ற திருவிழாவுக்கு நிகழ்ச்சி நிரல் சொல்லும் நோட்டீஸை மறுநாள் யாரும் எடுத்து வைப்பதில்லை. அங்கே கோயில் சுவரில் இருக்கும் கல்லெழுத்து 900 ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது, ஏனென்றால் அதைக் காக்க ஆள் இருந்தார்கள். தாளுக்கும் அப்படி யாராவது இருந்தால்தான் உண்டு.